தர்மபுரியில் வாடகை வீடு: தண்ணீரைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

தர்மபுரியில் வீடு பார்க்கப் போனால் ஹாலைப் பார்ப்பதற்கு முன் சமையலறைக் குழாயைத் திறந்து பாருங்கள். இந்த ஊரில் ஒரு வீடு குடியிருக்க ஏற்றதா என்பதில் பாதி அந்தக் குழாயிலேயே தெரிந்துவிடும். டைல்ஸ், கபோர்டு, புதுப் பெயிண்ட் எல்லாம் பிறகுதான். கல்வியாண்டு தொடங்கும் காலத்தில் அரசு கலைக் கல்லூரி, 2008இல் வந்த மருத்துவக் கல்லூரி, 2013இல் செட்டிக்கரையில் வந்த பொறியியல் கல்லூரி, சட்டக் கல்லூரி, பைசுஅள்ளியில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழக முதுநிலை விரிவாக்க மையம் என்று எல்லாவற்றுக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் அடுத்தடுத்து வந்து இறங்குகிறார்கள். அவசரத்தில் எல்லாரும் கேட்பது "வாடகை எவ்வளவுங்க?" என்ற ஒரே கேள்வி. அதைக் கடைசியில் கேட்கலாம்.

இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அடியில் இருப்பது கெட்டிப் பாறை. அதில் ஃபுளோரைடு உள்ள தாதுக்கள் இருக்கின்றன, தண்ணீர் பாறை இடுக்கில் தங்கத் தங்க அது கரைந்து ஏறுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீர் கிடைக்கவே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேலே போனால், நிலைப்பற்கள் உருவாகிற வயதுப் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழும். பல வருடம் குடித்தவர்களுக்கு முதுகும் மூட்டும் இறுகும். இதைத் தடுக்கத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அதன் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்று இருக்கிறது. 2013 மே மாதம் தொடங்கிவைத்தார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீர் இதில்தான் வருகிறது. ஊரில் இதற்குப் பெயர் 'ஒகேனக்கல் தண்ணி'. மற்றது, ஆழ்துளைக் கிணற்றில் இருந்து வருவது, 'போர் தண்ணி'.

வீட்டுக்காரர்கள் எல்லாரும் "ஒகேனக்கல் தண்ணி வருதுங்க தம்பி" என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலும் அது பொய்யில்லை. எதுவரை வருகிறது என்பதில்தான் விஷயம். சில வீடுகளில் வாசல் குழாய் வரை மட்டும் வரும், குடம் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். சில வீடுகளில் சம்ப்பில் விழும். அதே சம்ப்பில் போர் தண்ணீரையும் விட்டு, மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றிவிடுவார்கள். அப்படிக் கலந்துவிட்டால் குடிக்கிற தண்ணீர் எது என்று யாராலும் சொல்ல முடியாது. இதைக் கண்டுபிடிக்க வீட்டுக்காரரிடம் வாதாட வேண்டாம், மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். இரண்டு தொட்டி இருந்து, இரண்டிலிருந்தும் தனித்தனி பைப் இறங்கி, சமையலறையில் இரண்டு குழாய் இருந்தால் நல்ல வீடு. ஒரே தொட்டி, ஒரே பைப் என்றால் கலப்புத் தண்ணீர் என்றே வைத்துக்கொண்டு மேலே பேசுங்கள். குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை விடுகிறார்கள், எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்பதை வீட்டுக்காரரிடம் கேட்பதைவிடப் பக்கத்து போர்ஷன் அக்காவிடம் கேளுங்கள். "காலையில அஞ்சரைக்கு விடுவாங்க, நீ காலேஜ் போயிட்டா யாரு பிடிக்கிறது?" என்று அவரே திருப்பிக் கேட்பார். வகுப்பு நேரத்தில் தண்ணீர் விடும் தெருவில், சம்ப் இல்லாத வீடு தனியாக இருக்கும் மாணவருக்கு ஒத்துவராது.

குழாய் முனையில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருப்பது, சோப்பு நுரைக்காதது, வாட்டர் ஹீட்டர் ராடில் சுண்ணாம்பு கட்டுவது, இதெல்லாம் கடினத்தன்மையின் அடையாளம். போர் தண்ணீர் கலக்கிறது என்பதற்கு அது துப்பு, ஃபுளோரைடுக்கு நேரடி சாட்சி ஆகாது. ஃபுளோரைடுக்கு ருசி கிடையாது, நிறம் கிடையாது, வாசனை கிடையாது. சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதித்துக்கொள்ளலாம். குழாயை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, பிறகு நிரப்பிக் கொண்டுபோக வேண்டும்.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். கொதித்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு எங்கேயும் போகாது, தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் அளவுதான் கூடும். கேண்டில் ஃபில்டரும் யு.வி. விளக்கும் அதைத் தொடுவதில்லை. ஆர்.ஓ. பிடிக்கும், ஆக்டிவேட்டட் அலுமினா போட்ட ஃபில்டரும் பிடிக்கும். இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள்: குடிக்க மட்டும் கேன் வாங்கிவிட்டு, சோறும் சாம்பாரும் டீயும் போர் தண்ணீரில் வைத்தால் பாதிக்குப் பாதி உள்ளே போய்விடும். டீத்தூளிலேயே ஃபுளோரைடு இருக்கிறது, அது வேறு. சமையலுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இரண்டு பேருக்கு ஒரு 20 லிட்டர் கேன் இரண்டு நாளைக்குத்தான் வரும். மாதம் 15 கேன். அந்தத் தொகையை வாடகையோடு கூட்டிப் பாருங்கள், மலிவு வீடு என்று நினைத்தது மலிவாக இருக்காது.

வீட்டில் ஆர்.ஓ. மாட்டியிருக்கிறது என்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டுகிற டி.டி.எஸ். மீட்டர் ஒன்று கொண்டுபோங்கள், பேனா அளவுதான் இருக்கும். உள்ளே போகிற தண்ணீரில் 900 காட்டி, வெளியே வருவதில் 90 காட்டினால் மெம்ப்ரேன், அதாவது ஆர்.ஓ.வுக்குள் வடிகட்டுகிற சவ்வு, வேலை செய்கிறது. வெளியே 300 காட்டினால் அது முடிந்துவிட்டது, வெறும் பெட்டிதான் சுவரில் தொங்குகிறது. டி.டி.எஸ். அளவு ஃபுளோரைடு அளவு ஆகாது, ஆனால் மெம்ப்ரேன் கெட்டால் இரண்டும் சேர்ந்துதான் ஏறும். ஃபில்டரும் மெம்ப்ரேனும் மாற்றுகிற செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாவது எழுதி வாங்குங்கள். இந்த ஒரு வரி இல்லாமல் வருகிற சண்டைதான் அதிகம்.

புழங்குகிற தண்ணீருக்கும் அளவு பாருங்கள். 1,000 லிட்டர் தொட்டி, மூன்று போர்ஷன், போர்ஷனுக்கு மூன்று பேர் என்றால் தலைக்கு 111 லிட்டர்தான் கிடைக்கும். தினம் ஒருமுறை நிரப்பினால் சமாளிக்கலாம். கோடையில் போர் இறங்கிவிட்டால் லாரித் தண்ணீர்தான், அந்தச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துவிடுவார்கள். போன ஏப்ரல், மே மாதத்தில் லாரி வாங்கினார்களா என்பதைக் கீழ் வீட்டில் கேட்டால் தெரியும்.

அடுத்தது ஈ.பி. மீட்டர். தனி மீட்டர் இருக்கிறதா, இல்லை வீட்டுக்காரரின் ஒரே இணைப்பிலிருந்து பிரித்து மாட்டிய சப் மீட்டரா? வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட்டுக்குக் காசு இல்லை. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி விலை ஏறும். மூன்று போர்ஷனும் ஆளுக்கு 180 யூனிட் எரித்து, பொது மோட்டார் 60 யூனிட் இழுத்தால் மொத்தம் 600. தனித்தனி மீட்டர் இருந்தால் மூன்று பேருக்கும் தலா 100 யூனிட் கழிந்திருக்கும். ஒரே மீட்டரில் ஒருமுறைதான் கழியும், மேலே உள்ள யூனிட்டெல்லாம் உயர்ந்த அடுக்கில் போய் உட்காரும். 'யூனிட்டுக்கு இவ்வளவு' என்று வீட்டுக்காரர் சொல்கிற ஒரே விலை எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும். தனி மீட்டர் உள்ள போர்ஷனுக்கு மாதம் சில நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் கட்டுப்படியாகும்.

தனி மீட்டர் என்று சொன்னாலும் ஒரு சோதனை செய்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை. உங்கள் போர்ஷனின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு மீட்டர் முன்னால் நில்லுங்கள். மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று பக்கத்திலேயே அச்சடித்திருக்கும், பல மீட்டர்களில் 3,200. மெயின் இறக்கிய பிறகும் விளக்கு மினுக்கினால் வேறு யாருடைய லோடோ உங்கள் மீட்டரில் ஓடுகிறது. மாடிப்படி விளக்காக இருந்தால் போகட்டும். இப்போது மோட்டார் போடச் சொல்லுங்கள். மினுக்கல் ஒரு விநாடிக்கு ஒன்று என்ற வேகத்துக்கு வந்துவிட்டால் பொது மோட்டாரை உங்கள் இணைப்பில் கொடுத்திருக்கிறார்கள். 1 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். தினம் ஒரு மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 60 யூனிட் மற்றவர்களுக்காக நீங்கள் கட்டுகிறீர்கள். வெள்ளை அட்டையில் பழைய ரீடிங் எல்லாம் இருக்கும், கேட்டு வாங்கி முந்தைய குடித்தனக்காரர் எவ்வளவு எரித்தார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களுக்கு இங்கே அதிகம் கிடைப்பது மொட்டை மாடி சிங்கிள் ரூம். சிமெண்ட் ஷீட் போட்டது என்றால் வேண்டாம் என்றே சொல்வோம், வாடகை எவ்வளவு குறைந்தாலும் சரி. மார்ச் பிறந்தால் பகலில் உள்ளே உட்கார்ந்து படிக்க முடியாது, தேர்வு வருவதும் அப்போதுதான். கான்கிரீட் கூரை பரவாயில்லை, ஆனால் வீடு பார்க்கக் காலையில் போகாதீர்கள். பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் விடுவது சாயங்காலம்தான். ஆறு மணிக்கு மேல் போய் ஃபேனைப் போட்டுக் கீழே பத்து நிமிடம் நின்று பாருங்கள், மேற்குச் சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள். சுவர் சுட்டால் இரவு பதினொன்று வரை அந்த அறை ஆறாது. மாடியில் கூலிங் டைல்ஸ் ஒட்டியிருந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

லைன் வீடு, அதாவது வரிசையாக நாலைந்து வீடு, கடைசியில் பொதுக் கழிவறை. மூன்று நான்கு பேர் சேர்ந்து எடுத்தால் செலவு குறைவு. காலை ஏழு மணிக்கு ஒரு கழிவறைக்கு எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்ளுங்கள், ஐந்தைத் தாண்டினால் தினமும் முதல் வகுப்புக்கு நேரமாகிவிடும். ஊரின் ஓரப் பகுதிகளில் கழிவுநீர் செப்டிக் டேங்குக்குத்தான் போகிறது. டேங்க் நிறைந்து லாரி கூப்பிட்டால் காசு யார் கொடுப்பது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

கீழ்த்தள போர்ஷன், தனிக் கழிவறை, தனி மீட்டர், இரண்டு குழாய்: இப்படி ஒன்று கிடைத்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து யோசிக்காமல் எடுக்கலாம். எங்கள் கணக்கில் இந்த ஊரில் கொடுக்கிற காசுக்கு நியாயமான இடம் அதுதான்.

வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் வாடகை வீடு தேடுவதற்கு முன் அரசு விடுதிக்கு விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் தங்குவதும் சாப்பாடும் இலவசம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.50 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்க வேண்டும். தூர விதி மாணவிகளுக்குக் கிடையாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குத் தனி விடுதிகள் இருக்கின்றன. வருமானச் சான்றும் சாதிச் சான்றும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே எடுத்துவைத்தால் இடம் கைநழுவாது.

தனியார் மகளிர் விடுதி என்றால் முதல் கேள்வி உரிமம். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி மகளிர் விடுதி நடத்த அரசிடம் பதிவு வேண்டும். சான்றிதழைக் காட்டத் தயங்குகிற இடத்தில் பெண்ணைச் சேர்க்காதீர்கள். இரண்டாவது, சாப்பாட்டைப் பகலில் போய் ருசி பார்க்காதீர்கள், இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள். பகல் சாம்பார் எங்கேயும் நன்றாகத்தான் இருக்கும். பரீட்சை விடுமுறையில் ஊருக்குப் போனால் மெஸ் காசு கழிப்பார்களா, வருட நடுவில் காலி செய்தால் டெபாசிட் திரும்புமா, இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

எந்தப் பகுதி? மருத்துவக் கல்லூரிக்கு நேதாஜி பைபாஸ் ரோட்டைச் சுற்றியும் குமாரசாமிப்பேட்டைப் பக்கமும் நடந்து போகிற தூரத்தில் வீடு தேடலாம். இரவு டியூட்டி பார்க்கிறவர்களுக்கு நடை தூரம்தான் முக்கியம், வாடகை கொஞ்சம் கூடினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். குமாரசாமிப்பேட்டையில் தைப்பூசத் தேர் விசேஷம், பெண்கள் மட்டுமே வடம் பிடித்து இழுக்கிற நாளில் அந்தத் தெருக்களில் வண்டி நுழையாது, வருடத்தில் சில நாள்தான். கலெக்டர் ஆபீஸைச் சுற்றிய இலக்கியம்பட்டிப் பக்கம் கலைக் கல்லூரிக்கு வசதி, ஆனால் அரசு ஊழியர் குடும்பங்களும் அங்கேதான் வீடு தேடுகின்றன. பேச்சுலர் என்றால் "ஃபேமிலிக்குத்தான் விடறோம்" என்ற பதில் அங்கே சகஜம். பாரதிபுரம், நெசவாளர் காலனிப் பக்கமும் தேடிப் பாருங்கள். செட்டிக்கரைக்காரர்கள் கல்லூரிப் பக்கத்திலேயே தங்கினால் நேரம் மிச்சம். ஆனால் ஜெராக்ஸ் கடை, மருந்துக் கடை, இரவு டிபன் என்று ஒவ்வொன்றுக்கும் ஊருக்கு வர வேண்டியிருக்கும். ஊருக்குள் தங்கி டவுன் பஸ்ஸில் போய்வருவதே மேல் என்பது எங்கள் முடிவு. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அரசு கலைக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பாஸ் உண்டு. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை டிரைவரிடமோ கண்டக்டரிடமோ கேளுங்கள், பலகையை நம்ப வேண்டாம்.

அடுப்புக்கு: 14.2 கிலோ சிலிண்டர் இணைப்புக்கு முகவரிச் சான்று வேண்டும். 5 கிலோ சின்ன சிலிண்டர் அடையாள அட்டை காட்டினாலே கிடைக்கும், மாணவர்களுக்கு அது போதும். கடையில் கேஸ் நிரப்பித் தருகிற உதிரி அடுப்பை அறைக்குள் கொண்டுவராதீர்கள்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. வீடு கேட்டுப் போனால் "எந்த ஊருப்பா, என்ன ஆளுங்க?" என்று சாதியைத் துழாவுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. காலியாக இருக்கிற வீடு பதில் கேட்டதும் "நேத்துதான் முடிஞ்சது" ஆகிவிடுகிறது. தலித் மாணவர்கள் இதனாலேயே நல்ல தண்ணீர் வருகிற வீடுகளை இழந்து ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். ஏற்கெனவே குடியிருக்கிற சீனியர்கள் காலி செய்யும்போது அறையை நேரடியாக ஜூனியருக்குக் கைமாற்றி, வீட்டுக்காரரிடம் அவர்களே பேசி முடித்துக்கொடுப்பது இதில் பெரிய உதவி. கல்லூரியில் ஆசிரியர்களும் இதைச் செய்யலாம்.

தேடுகிற காலம் மே மாதம். தேர்வு முடிந்து பழையவர்கள் காலி செய்கிற நேரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருத்தெருவாக நடந்து 'டூ லெட்' பலகை பார்த்தால் புரோக்கர் இல்லாமலே கிடைக்கும். புரோக்கர் வழியாகப் போனால் கமிஷன் எவ்வளவு, அதை எப்போது கொடுக்க வேண்டும் என்று முதலில் பேசுங்கள், சாவி கைக்கு வந்த பிறகு கொடுப்பதுதான் முறை. வீடு காட்டவே காசு கேட்டால் நகர்ந்துவிடுங்கள். மே மாதத்தைத் தவறவிட்டவர்களுக்கு ஆடியும் மார்கழியும் இருக்கின்றன. அந்த இரண்டு மாதத்திலும் குடும்பங்கள் பால் காய்ச்சிக் குடிபோக மாட்டார்கள், வீடு காலியாகக் கிடக்கும். சாஸ்திரம் பார்க்காத மாணவர் அப்போது வாடகையில் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம், கொடுப்பார்கள். ஆடிப் பதினெட்டு அன்று மட்டும் வீடு பார்க்கப் போகாதீர்கள், பாதி ஊர் ஒகேனக்கல்லில் இருக்கும்.

காகிதம். வாடகைக்கான புதுச் சட்டம் 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதினால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. 'எழுதினால் ஒழிய' என்பதுதான் ஓட்டை, ஆகவே அட்வான்ஸ் பற்றிய வரியைக் கையெழுத்துக்கு முன் இரண்டு முறை படியுங்கள். 'பெயிண்டிங் செலவுக்கு ஒரு மாத வாடகை பிடிக்கப்படும்' என்ற வரி டைப் அடிக்கிற கடையின் பழைய படிவத்திலேயே பெரும்பாலும் இருக்கும். ஒரு வருடம் கூட இருக்காத அறைக்கு அது நியாயமில்லை, அடித்துவிடச் சொல்லுங்கள்.

கல்லூரியில் வேலைக்கு வருகிற குடும்பங்கள் போக்கியத்துக்கு, அதாவது மாத வாடகைக்குப் பதில் மொத்தத் தொகை கொடுத்து, வீடு எடுப்பதும் உண்டு. லட்சக்கணக்கில் மொத்தமாகக் கொடுப்பதால் வில்லங்கச் சான்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வீட்டின்மேல் வங்கிக் கடன் இருந்து அது நின்றுபோனால் வங்கிதான் முன்னால் நிற்கும், நீங்கள் பின்னால்.

குடிபோகிற அன்றே மீட்டர் ரீடிங், சுவர் விரிசல், கழிவறைக் கதவு, குழாய்கள், ஆர்.ஓ. பெட்டி எல்லாவற்றையும் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வீட்டுக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்கிற அன்றைக்கும் அதே இடங்களை அதே கோணத்தில் எடுங்கள். அட்வான்ஸைக் கழிவு போக ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். இரண்டு மாத ஈ.பி. பில் வரட்டும் என்று இழுத்தால், கடைசி நாள் ரீடிங்கில் இருந்து முந்தைய ரீடிங்கைக் கழித்து அந்தத் தொகையைக் கையில் கொடுத்து ரசீது எழுதி வாங்கிவிட்டு, சாவியை அதற்குப் பிறகு கொடுங்கள்.